இலவசமாகக் கொடுத்தது மட்டும் பிழைத்தது

1871 அக்டோபரில் சிகாகோ நகரம் பற்றி எரிந்தது. வீடு, கடை, நடைபாதை என்று பெரும்பாலும் மரத்தால் ஆன ஊர். நகரின் மையப்பகுதி சாம்பலாகி, சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்து நின்றார்கள். ஆரன் மான்ட்கோமரி வார்ட் என்ற இளைஞர் சொந்தத் தொழில் தொடங்குவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சரக்கும் அந்தத் தீயில் போனது. அவரிடம் மிச்சமிருந்தது ஒரு யோசனை மட்டும்தான். அதைக் கேட்ட நண்பர்களோ, தீயில் சரக்கோடு சேர்த்து வார்டின் புத்தியும் போய்விட்டது என்றே நினைத்தார்கள்.

வார்ட் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பீப்பாய்க்குப் பலகை அறுக்கும் இடத்திலும் செங்கல் சூளையிலும் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதியானார். ரயிலிலும் குதிரை வண்டியிலும் போய் இறங்கிய கிராமங்களிலெல்லாம் அவர் கேட்டது ஒரே புலம்பல். ஊருக்கு ஒரே கடை, கடைக்காரர் சொன்னதே விலை. நகரத்திலிருந்து நாலு கை மாறி வருவதற்குள் துணிக்கும் கருவிக்கும் விலை ஏறிவிடும், தரம் இறங்கிவிடும். மொத்த வியாபாரியிடம் ரொக்கத்துக்கு வாங்கி, ரயிலில் ஏற்றி, நேராக விவசாயிக்கே அனுப்பினால் என்ன? கடையும் வேண்டாம், கல்லாவில் ஆளும் வேண்டாம். விலைப்பட்டியல் தபாலில் போகும், ஆர்டர் தபாலில் வரும். இதுதான் வார்டின் யோசனை. ஆனால் முகம் தெரியாத ஆளிடம், கண்ணால் பார்க்காத சரக்கை யார் வாங்குவார்?

1872 ஆகஸ்டில் 1,600 டாலர் முதலீட்டில் வார்ட் துணிந்து இறங்கினார். முதல் விலைப்பட்டியல் ஒற்றைத் தாள். அதில் 163 பொருட்கள். கூட்டுச் சேர்ந்த இருவரும் ஒரு வருடத்துக்குள் கழன்றுகொண்டார்கள். சகலை ஜார்ஜ் தார்ன் கைகொடுத்தார். விவசாயிகளின் சங்கமான கிரேஞ்ச், தன் உறுப்பினர்களிடம் வார்டைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது. மெல்ல ஆர்டர்கள் வரத் தொடங்கிய நேரத்தில், 1873-இல் 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இவ்வளவு மலிவாக யாராலும் விற்க முடியாது, இது ஏமாற்று வேலை, மக்களே ஜாக்கிரதை என்பது அதன் சாரம்.

வேறொருவராக இருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்பார். வார்ட் வழக்குப் போடுவேன் என்று நிமிர்ந்து நின்றார். விசாரித்துப் பார்த்த பத்திரிகை, தான் எழுதியது தவறு என்று மறுப்பு வெளியிட்டது. சந்தேகம் எங்கே பிறக்கிறது என்பது வார்டுக்கும் புரிந்துவிட்டது. 1875-இல் அவர் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: பிடிக்காவிட்டால் பொருளைத் திருப்பி அனுப்புங்கள், பணம் வாபஸ். வியாபாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். திருப்பி அனுப்பியே ஆளைத் திவாலாக்கிவிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நடந்தது தலைகீழ்.

ஒற்றைத் தாள் தடித்த புத்தகமானது. ஊசி முதல் உழவுக் கருவி வரை அதில் இருந்தது. 1904-இல் முப்பது லட்சம் பிரதிகள் தபாலில் போயின. பண்ணை வீட்டுக் குழந்தைகள் அதைப் புரட்டிப் பொம்மைக்கு ஏங்கினார்கள். உள்ளூர்க் கடைக்காரர்களோ அதை எங்கே கண்டாலும் பறித்து, ஊர் நடுவே போட்டுக் கொளுத்தினார்கள். தீயில் தொடங்கிய கம்பெனியைத் தீயால் அழிக்க முடியவில்லை. ஆனால் அதே சிகாகோவில் அதே யோசனையோடு இன்னொருவர் கிளம்பியிருந்தார். அவர் பெயர் ரிச்சர்ட் சியர்ஸ்.

அதன்பின் வார்டின் கம்பெனியான வார்ட்ஸுக்கும் சியர்ஸுக்கும் ஓயாத ஓட்டப்பந்தயம். 1913-இல் ஆரன் வார்ட் இறந்தார். விவசாயிகள் கார் வாங்கினார்கள், சாலைகள் வந்தன, பொருளை நேரில் பார்த்து வாங்க டவுனுக்குப் போகத் தொடங்கினார்கள். கடையே வேண்டாம் என்று ஆரம்பித்த நிறுவனம் 1926-இல் கடை திறந்தது. மூன்றே ஆண்டில் 500 கடைகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த வேகத்தில் போய் முட்டிக்கொண்டது 1929-இன் பெருமந்தத்தில். நஷ்டம் கழுத்தை நெரித்தபோது, 1931-இல் பங்குதாரர்கள் ஒரு கறார் பேர்வழியைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். ஜிப்சம் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த சூயெல் ஏவரி. வார்ட்ஸைக் காப்பாற்றியவரும் அவரே, கவிழ்த்தவரும் அவரே.

ஏவரி நஷ்டக் கடைகளை மூடினார், ஆட்களைக் குறைத்தார், செலவில் காசு காசாகக் கணக்குப் பார்த்தார். கம்பெனி லாபத்துக்குத் திரும்பியது. சிக்கனத்தின் கண் எல்லா மூலைக்கும் போனது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெற்றோரோடு கடைக்கு வரும் குழந்தைகளுக்கு, வெளியிலிருந்து வாங்கி வந்த வண்ணம் தீட்டும் புத்தகங்களை வார்ட்ஸ் இலவசமாகக் கொடுத்து வந்தது. அவற்றைக் காசு கொடுத்து வாங்குவானேன்? நம் ஆளை விட்டே ஒரு கதை எழுதச் சொல்லி, நாமே அச்சடித்தால் மிச்சம்தானே? 1939 தொடக்கத்தில் விளம்பரப் பிரிவின் மேலாளர் ஓர் ஊழியரைத் தன் அறைக்கு அழைத்தார். அந்த ஊழியரோ அப்போது வாழ்க்கையின் ஆக இருண்ட பள்ளத்தில் கிடந்தார்.

ராபர்ட் மே. வயது 33. டார்ட்மவுத் கல்லூரியில் படித்தவர். பெரிய நாவல் ஒன்று எழுத வேண்டும் என்பது கனவு. வார்ட்ஸில் செய்துகொண்டிருந்த வேலையோ, ஆண்களின் வெள்ளைச் சட்டைக்கு விலைப்பட்டியலில் வருணனை எழுதுவது. மனைவி ஈவ்லினுக்குப் புற்றுநோய். சிகிச்சைக்கு வாங்கிய கடன் கழுத்துவரை. நான்கு வயது மகள் பார்பரா. அலுவலக விருந்துகளில் வேடிக்கைப் பாட்டுக் கட்டிப் பாடுவார் என்பதால்தான் மேலாளருக்கு அவர் நினைவு வந்தது. மிருகத்தை வைத்துக் கதை வேண்டும், குழந்தைகள் சிரிக்க வேண்டும் என்றார் மேலாளர். அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த ஃபெர்டினாண்ட் காளையின் கதை போல ஒன்று. சிரிப்பே மறந்துபோயிருந்த வீட்டுக்கு அந்த வேலையைத் தூக்கிக்கொண்டு போனார் ராபர்ட்.

கிறிஸ்துமஸ் கதை என்றால் எந்த மிருகம்? கிறிஸ்துமஸ் தாத்தாவின் பனிச்சறுக்கு வண்டியை எட்டுக் கலைமான்கள் இழுக்கின்றன என்பது 1823-இல் வெளியான ஒரு கவிதையிலிருந்து அமெரிக்கக் குழந்தைகள் எல்லாருக்கும் பாடம். சிகாகோவின் லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலையில் பார்பராவுக்கு மிகவும் பிடித்ததும் மான்தான். ஒன்பதாவதாக ஒரு மானைச் சேர்க்கலாம் என்று ராபர்ட் முடிவு செய்தார். பள்ளியில் தன்னைவிட மூத்த பிள்ளைகளோடு படித்து, ஒல்லியாக, கூச்சத்தோடு, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படாமல் ஓரத்தில் நின்றவர் அவர். அந்த மானையும் மற்ற மான்கள் கேலி செய்யும், ஒதுக்கும். எதை வைத்துக் கேலி செய்யும்? ஒரு நாள் அலுவலக ஜன்னல் வழியே பார்த்தார். மிஷிகன் ஏரியிலிருந்து கிளம்பிய மூடுபனி தெருவையே விழுங்கியிருந்தது.

இப்படிப்பட்ட ராத்திரியில் தாத்தாவின் வண்டி எப்படிப் போகும்? விளக்கு வேண்டும். அந்த விளக்கு மானின் மூக்கிலேயே இருந்தால்? பளபளவென்று எரியும் சிவப்பு மூக்கு. எதைச் சொல்லிச் சிரித்தார்களோ அதுவே எல்லாருக்கும் வழிகாட்டும். துள்ளிக் குதித்து மேலாளரிடம் ஓடினார். மேலாளர் முகம் சுளித்தார். அக்கால அமெரிக்காவில் சிவப்பு மூக்கு என்றால் குடிகாரன் என்று பொருள். குடும்பங்கள் வந்துபோகும் கடையில், கிறிஸ்துமஸ் அன்று, குழந்தைகள் கையில் ஒரு குடிகார மானைக் கொடுப்பதா? வேறு ஏதாவது யோசி என்று அனுப்பிவிட்டார்.

ராபர்ட் வாதாடவில்லை. ஓவியப் பிரிவில் இருந்த டென்வர் கில்லனை அழைத்துக்கொண்டு, பார்பராவுடன் மிருகக்காட்சி சாலைக்குப் போனார். கில்லன் மான்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பெரிய கண்கள், வெட்கம் கலந்த முகம், நடுவில் ஒரு சிவப்பு மூக்கு. படத்தைப் பார்த்த மேலாளருக்குக் குடிகாரன் தெரியவில்லை, ஒரு குழந்தைதான் தெரிந்தது. எழுதி முடி என்றார். கதை பாதி வளர்ந்திருந்தபோது, ஜூலையில் ஈவ்லின் இறந்துபோனார்.

மேலாளர் மனமிரங்கி, இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். ராபர்ட் மறுத்துவிட்டார். முன்பைவிட இப்போதுதான் அந்த மான் தனக்குத் தேவை என்று அவருக்குத் தோன்றியது. ராத்திரிகளில் எழுதினார். எதுகையோடு ஒவ்வொரு ஈரடியாகக் கட்டி, பார்பராவுக்கு வாசித்துக் காட்டுவார், அவள் முகம் மலர்ந்தால் வைத்துக்கொள்வார். ஆகஸ்ட் கடைசியில் கதை முடிந்தது. வீட்டுக் கூடத்தில் மகளையும் மாமனார் மாமியாரையும் உட்கார வைத்துப் படித்தார். அவர்கள் கண்களைப் பார்த்ததும், தான் நினைத்தது கைகூடிவிட்டது என்று தெரிந்தது. மானுக்கு ரோலோ, ரெஜினால்ட் என்று வரிசையாகப் பெயர்கள் எழுதி அடித்து, கடைசியில் ஒன்றை வைத்திருந்தார். அந்தப் பெயர், ருடால்ஃப்.

இன்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில், கேக் பெட்டியில், சென்னையின் பள்ளிக்கூட விழா மேடையில் எல்லாம் துள்ளும் அந்தச் சிவப்பு மூக்கு மான், ஏதோ பனிநாட்டுப் புராணத்திலிருந்து வந்ததல்ல. சிகாகோவின் ஒரு பல்பொருள் கடை செலவை மிச்சம் பிடிக்க அச்சடித்த இலவசப் பிரசுரத்தில் பிறந்தது. 1939 கிறிஸ்துமஸில் வார்ட்ஸ் கடைகள் அதைச் சுமார் 24 லட்சம் பிரதிகள் விநியோகித்தன. ராபர்ட்டுக்குக் கிடைத்தது வழக்கமான மாதச் சம்பளம். சம்பளத்துக்கு எழுதியதால் உரிமை முழுக்கக் கம்பெனியுடையது. பிறகு உலகப்போர் வந்து காகிதத் தட்டுப்பாடு வந்தது. ருடால்ஃப் அலமாரிக்குள் உறங்கப் போனது.

போர்க் காலத்தில் வார்ட்ஸ் வேறு ஒரு காரணத்துக்காக நாடெங்கும் பேசப்பட்டது. தொழிற்சங்கம் என்றாலே ஏவரிக்கு ஆகாது. போர்க்காலத் தொழிலாளர் வாரியத்தின் உத்தரவை ஏற்க மறுத்தார். 1944 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கம்பெனியின் சிகாகோ அலுவலகத்தைக் கையகப்படுத்த உத்தரவிட்டார். ஏவரி நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு ராணுவச் சிப்பாய்கள் அவரை அப்படியே உட்கார்ந்த வாக்கில் அலாக்காகத் தூக்கி வந்து தெருவில் விட்டார்கள். எழுபது வயதுக் கோடீஸ்வரர் சிப்பாய்களின் கைகளில் கை கட்டி அமர்ந்திருக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. அங்கு நின்ற அட்டர்னி ஜெனரலை நோக்கி அவர் வீசிய வசவு 'நியூ டீலர்' என்பது. ரூஸ்வெல்ட் திட்டத்தின் ஆள் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் அதைவிட மோசமானது இல்லை. ஒரு பைசாவும் விட்டுக்கொடுக்காத இந்த மனிதரிடம்தான் ராபர்ட் போய்க் கை நீட்ட வேண்டியிருந்தது.

போர் முடிந்து 1946-இல் வார்ட்ஸ் அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிட்டு, முப்பது லட்சத்துக்கும் மேல் விநியோகித்தது. ஓர் இசைத்தட்டு நிறுவனம் கதையை ஒலிப்பதிவு செய்யக் கேட்டு வந்தது. ராபர்ட்டால் சரி என்று சொல்ல முடியவில்லை, மான் அவருடையதல்ல. ஈவ்லினின் மருத்துவச் செலவால் வந்த கடன் இன்னும் அடையவில்லை. மறுமணம் செய்து குடும்பமும் பெருகிக்கொண்டிருந்தது. உரிமையை எனக்குத் தர முடியுமா என்று கேட்டார். 1947 ஜனவரியில் ஏவரி தலைமையிலான கம்பெனி முழு உரிமையையும் அவருக்கே எழுதிக் கொடுத்தது. ஒரு டாலர்கூட வாங்கவில்லை. இரக்கமோ, அறுபது லட்சம் வீடுகளுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்த கதையை இனி யார் காசு கொடுத்து வாங்குவார் என்ற கணக்கோ, ஏவரி தந்த பெரிய தானம் அது.

யார் வாங்குவார் என்ற கேள்விக்கு விடை சீக்கிரமே வந்தது. சின்னப் பதிப்பாளர் ஒருவர் துணிந்து வெளியிட்ட புத்தகம் ஒரு லட்சம் பிரதி விற்றது. அடுத்தது ராபர்ட்டின் சகோதரி வீட்டுக்காரர் ஜானி மார்க்ஸின் முறை. பாட்டுக் கட்டுவது அவருக்குத் தொழில். கதையைப் பாடலாக்கினார். பெரிய பாடகர்கள் வேண்டாம் என்றார்கள். கௌபாய்ப் படங்களின் நாயகன் ஜீன் ஆட்ரியும் தயங்கினார். அவர் மனைவி ஐனாவுக்குத்தான் அந்த ஒதுக்கப்பட்ட மானின் மேல் பரிவு. மனைவி சொல்லுக்காக 1949-இல் ஆட்ரி பாடினார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸில் அமெரிக்காவின் முதலிடப் பாடல் அதுதான். கதை எழுதியவர், பாட்டெழுதியவர் இருவருமே பிறப்பால் யூதர்கள் என்பது கிறிஸ்துமஸ் உலகின் சுவையான முரண். ராபர்ட் கடனை அடைத்தார், வீடு வாங்கினார், வேலையை விட்டுவிட்டு சில ஆண்டுகள் மானின் வியாபாரத்தை மட்டுமே கவனித்தார். மானுக்கு யோகம் அடித்த அதே நாட்களில், அதைப் பெற்ற கடைக்குச் சனி பிடித்தது.

ஏவரிக்கு ஒரு தீராத பயம் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் மந்தம் வந்ததுபோல் இப்போதும் வரும் என்று அடித்துச் சொன்னார். போருக்குப் பின் அமெரிக்கக் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. சியர்ஸ் அவர்கள் பின்னாலேயே போய்க் கடை மேல் கடையாகத் திறந்தது. வார்ட்ஸோ 1941-இலிருந்து 1957 வரை ஒரு புதிய கடைகூடத் திறக்கவில்லை. இருந்த கடைகளுக்குப் புது வண்ணம் அடிக்கவும் கை வரவில்லை. பணம் மட்டும் கோடிக்கணக்கில் குவிந்தது. இது கடை அல்ல, முகப்பில் கடை வைத்த வங்கி என்று கேலி பேசினார்கள். ஏவரி காத்திருந்த மந்தம் வரவே இல்லை. குவிந்த பணத்தின் வாசனை பிடித்து நிர்வாகத்தைக் கைப்பற்ற ஒரு முதலீட்டாளர் படையெடுத்தார். 1955-இல் ஏவரி விலகினார். அதற்குள் சியர்ஸ் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போயிருந்தது.

1964 டிசம்பரில் ருடால்ஃப் தொலைக்காட்சிக்கு வந்தது. பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுத்த வேலை நடந்தது ஜப்பானில். நிகழ்ச்சிக்குப் பணம் போட்டு வழங்கியது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம். இந்தப் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரவிருந்தது.

வார்ட்ஸ் கை மாறத் தொடங்கியது. எழுபதுகளில் மொபில் எண்ணெய்க் கம்பெனி வாங்கியது. அதற்கும் சில்லறை வியாபாரம் பிடிபடவில்லை. 1985-இல், கம்பெனிக்கு உயிர் கொடுத்த விலைப்பட்டியல் புத்தகமே நிறுத்தப்பட்டது. 1988-இல் நிர்வாகிகள் கடன் வாங்கிக் கம்பெனியைத் தாங்களே வாங்கினார்கள். அந்தக் கடன் பாரத்தோடு ஒரு பக்கம் வால்மார்ட், மறுபக்கம் டார்கெட் என்று நெருக்க, 1997-இல் திவால் மனு. அதிலிருந்து தூக்கிவிட்டு முழு உரிமையாளராக வந்து உட்கார்ந்தது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் நிதிப் பிரிவு. மானைத் திரைக்குக் கொண்டுவர அன்று பணம் போட்ட அதே குடும்பம். பிழைத்துக்கொள்ளும் என்று ஊழியர்கள் நம்பினார்கள். எல்லாம் 2000-இன் கிறிஸ்துமஸ் விற்பனையைப் பொறுத்திருந்தது.

விற்பனை சரியில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28 அன்று, கடையை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். 250 கடைகள், சுமார் 37,000 ஊழியர்கள். 128 ஆண்டுக் கதை ஓர் அறிவிப்பில் முடிந்தது. எட்ட முடியாத உயரத்தில் இருந்த சியர்ஸும் 2018-இல் திவால் மனு கொடுத்தது. ஆற்றங்கரையில் வார்ட்ஸ் கட்டிய மாபெரும் கிடங்கு இன்று பிற கம்பெனிகளின் அலுவலகமாக இருக்கிறது. பெயரை மட்டும் 2004-இல் ஒரு தபால் வழி விற்பனை நிறுவனம் வாங்கி இணையத்தில் கடை போட்டது. பிறகு அது விஸ்கான்சின் மாநிலத்தில் தபாலில் பாலாடைக்கட்டி விற்றுப் பெரிதான இன்னொரு கம்பெனிக்குப் போனது. இப்போது அந்தப் பெயருக்கு ஏறிப் போக ஒரு படிக்கட்டு இல்லை, வலைத்தளம் மட்டும் உண்டு.

ராபர்ட் 1958-இல் வார்ட்ஸுக்கே திரும்பி வேலை பார்த்து ஓய்வு பெற்று, 1976-இல் காலமானார். அவருடைய மூலப்பிரதி டார்ட்மவுத் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. 1964-இன் நிகழ்ச்சி அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் ஒளிபரப்பாகிறது. உரிமைத் தொகை அவர் குடும்பத்துக்குப் போனது. ஏவரி இறுக்கிப் பிடித்த கோடிகள் கடையைக் காப்பாற்றவில்லை. காசு வாங்காமல் அவர் கைவிட்ட மான்தான், மான்ட்கோமரி வார்ட் என்ற கம்பெனி இந்த உலகத்தில் விட்டுப்போன ஆக விலையுயர்ந்த சரக்கு.